தட்டில் தொடங்கிய போராட்டம்: வெஸ்ட் ஓக்லாந்து பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஓக்லாந்து நகரில், ஏழை மக்கள் வாழும் மேற்குப் பகுதியில், 1969-ஆம் ஆண்டு இளைஞர்கள் சிலர் ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆரோக்கியமான காலை உணவு பரிமாறத் தொடங்கியதைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ஐயா, தங்கள் குறிப்பு மிகச் சுருக்கமாக இருந்தது. யார் அந்த இளைஞர்கள், என்னதான் செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: கருஞ்சிறுத்தைகள் என்று நம் ஏடுகள் குறிப்பிடும் பிளாக் பாந்தர் கட்சியினர் அவர்கள். கல்லூரியில் பழகிய ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இருவர் 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களைக் காவல்துறை நடத்திய விதத்தைத் தட்டிக் கேட்பதுதான் முதலில் அதன் வேலையாக இருந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையின் நிலையை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1969 ஜனவரியில் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தின் பாதிரியார் ஏர்ல் நீல் தம் கூடத்தைத் திறந்துவிட்டார். அந்தச் சபையைச் சேர்ந்தவரும் நடன ஆசிரியையுமான ரூத் பெக்ஃபோர்ட் சமையலறையையும் உணவுப் பட்டியலையும் ஒழுங்குபடுத்த உதவினார். முதல் நாள் வந்த குழந்தைகள் 11 பேர்; அதே வாரம் வெள்ளிக்கிழமை 135 பேர் வந்துவிட்டார்கள். முட்டை, ரொட்டி, சோளரவையைக் கொதிக்க வைத்துச் செய்யும் கிரிட்ஸ் என்ற கஞ்சி, இறைச்சி, பால் அல்லது பழச்சாறு என்று தட்டு நிறையக் கிடைத்தது. சமைப்பவர், பரிமாறுபவர் மட்டுமல்லாமல், பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்த ஒருவர், வாசலில் பெயர் எழுதிக்கொள்ள ஒருவர், மேலங்கிகளை வாங்கி மாட்ட ஒருவர் என்று வேலை பிரித்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட வேண்டும். இப்படியொரு சமையலறையை நாள் தவறாமல் நடத்துவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது, பந்தி பரிமாறிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் அந்த இயக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் நெடுங்காலம் தோல் மேலங்கி அணிந்த ஆண்களின் புகைப்படங்களோடு நின்றுவிட்டார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 20 நகரங்களில் இதே போன்ற சமையலறைகள் தோன்றி, பல்லாயிரம் குழந்தைகளுக்கு உணவளித்துக்கொண்டிருந்தன.

கேள்வி: கொழுப்பும் உப்பும் மிகுந்த இறைச்சியைக் குழந்தைகளுக்குக் கொடுத்ததை ஆரோக்கிய உணவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (மருத்துவர், ஈரோடு)

பதில்: இன்றைய அளவுகோலில் தங்கள் ஆட்சேபம் சரியே. பசியோடு வகுப்பில் சோர்ந்து விழும் குழந்தையைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். இனிப்புப் பானமும் பொட்டலத் தின்பண்டமும் மலிந்து, வயிறு நிறைந்தும் உடல் கெடும் நிலையை எதிர்கொண்டது அவர்களுக்கு அடுத்து வந்த தலைமுறை. அந்த வேறுபாடு இந்தப் பகுதியின் பிற்பாதியில் வருகிறது.

கேள்வி: துப்பாக்கியோடு ஊர்வலம் போன கட்சி அது. காலை உணவு என்பது ஆள் சேர்ப்பதற்கான விளம்பரம் என்று அமெரிக்க அரசே சொன்னதே? தாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: விளம்பரமும்தான். சாப்பிட வந்த பிள்ளைகளுக்குக் கறுப்பின வரலாறும் கட்சியின் கொள்கையும் சொல்லிக் கொடுக்கப்பட்டன என்பதை அவர்களே மறைக்கவில்லை. நன்கொடை தர மறுத்த கடைகளைப் புறக்கணிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதை மிரட்டல் என்று வியாபாரிகள் சிலர் புகார் சொன்னார்கள். இதையெல்லாம் ஒளித்துவிட்டு அவர்களைத் துறவிகளாக்க வேண்டியதில்லை.

ஆனால் அரசு சொன்னதோடு அரசு செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மைய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் எட்கர் ஹூவர் 1969 மே மாதத்தில் தம் அலுவலர்களுக்கு எழுதிய குறிப்பில், இந்தக் காலை உணவுத் திட்டம் கட்சிக்கு மக்களிடம் நற்பெயரைத் தேடித் தருவதாலேயே மிகவும் ஆபத்தானது என்ற பொருள்பட எழுதினார். ஒரு கட்சியிடம் இருந்த துப்பாக்கிகளைவிட அதன் சமையலறையை ஆபத்தாகக் கருதியது வியப்புக்குரியதுதான். அந்த அமைப்பைக் குலைப்பதற்காக நடந்த இரகசிய நடவடிக்கைகள் 1976-இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையிலேயே வெளிவந்தன.

அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சோதனை முயற்சியாக ஏற்கெனவே இருந்தது. 1975-இல் அது நாடு முழுவதற்கும் நிரந்தரமாக்கப்பட்டது. அதற்குக் கருஞ்சிறுத்தைகள் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. தன்னார்வலர்கள் ஒரு தேவாலயக் கூடத்தில் செய்து காட்டியதை அரசாங்கம் செய்ய முடியாது என்று அதன் பிறகு வாதிடுவது கடினமாகிவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உலகுக்கே காய்கறியும் பழமும் ஏற்றுமதி செய்யும் கலிபோர்னியாவில், ஒரு நகரப் பகுதி மக்களுக்கு நல்ல காய்கறி கிடைக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. (மொத்த வியாபாரி, ஒட்டன்சத்திரம்)

பதில்: காய்கறி வியாபாரியாகிய தங்களிடமிருந்து இக்கேள்வி வந்தது பொருத்தமே. விளைச்சலுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கடை, சாலை, வங்கி ஆகிய மூன்றும்தான் அங்கே அறுந்துபோயின.

1930-களில், வீட்டுக் கடன் கொடுப்பதற்காக அமெரிக்க மைய அரசின் நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடத்தை நான்கு நிறங்களில் பிரித்தது. கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தோரும் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. வெஸ்ட் ஓக்லாந்து அந்தச் சிவப்புக்குள் விழுந்தது. கடன் இல்லாத இடத்தில் வீடு பழுதாகும், கடை விரிவடையாது, வசதி உள்ளவர் வெளியேறுவர். இதன் மேல், 1957-இல் சைப்ரஸ் மேம்பாலச் சாலை அந்தப் பகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. பிறகு அஞ்சல் நிலையத்துக்காகவும் உயர்மட்ட ரயில் பாதைக்காகவும் ஏழாம் தெருவைச் சுற்றியிருந்த வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. அதே காலத்தில் பெரிய கடைகள், கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைத்த புறநகரங்களைத் தேடிப் போய்விட்டன.

எஞ்சியவை தெருமுனைக் கடைகளும் மதுக்கடைகளும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிர்பான நிறுவனம் குளிர்பெட்டியை இலவசமாகத் தந்து, அதில் தன் பானத்தை மட்டும் வைக்கச் சொல்கிறது. சிப்ஸ் பொட்டலத்தை விநியோகஸ்தரே கொண்டுவந்து அடுக்கிவிட்டு, விற்காததைத் திரும்பவும் எடுத்துக்கொள்கிறார். கீரைக்கு அப்படி யாரும் பொறுப்பேற்பதில்லை. கீரையை மொத்தச் சந்தைக்குப் போய் வாங்கி வர வேண்டும், இரண்டு நாளில் விற்க வேண்டும், வாடினால் நட்டம் கடைக்காரர் தலையில். வாங்க வருபவரோ கார் இல்லாதவர். பையைச் சுமந்துகொண்டு பேருந்து மாற வேண்டியவர். இந்தக் கணக்கு தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: அங்குள்ள இளைஞர்கள் வீட்டுத் தோட்டம் போட்டே இதைச் சரிசெய்துவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: தோட்டம் போட்டது உண்மை, சரிசெய்துவிட்டது என்பது அந்தக் காணொளியின் ஆர்வம். சிட்டி ஸ்லிக்கர் ஃபார்ம்ஸ் என்ற அமைப்பு 2001-இல் அங்கே தொடங்கி, தரிசாகக் கிடந்த மனைகளில் காய்கறி பயிரிட்டு, இயன்றதைக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லும் முறையில் விற்றது. வீடுகளின் கொல்லைப்புறத்தில் பாத்தி அமைத்துக் கொடுத்தது. நல்ல பணிதான்.

ஆனால் பழைய தொழிற்பகுதியின் மண்ணில் ஈயம் இருக்கிறது. பழைய வீடுகளின் வண்ணப்பூச்சிலிருந்தும், ஈயம் கலந்த பெட்ரோல் எரித்த வண்டிகளின் புகையிலிருந்தும், பட்டறைகளிலிருந்தும் பல பத்தாண்டுகளாக இறங்கியது அது. வேரிலும் இலையிலும் ஒட்டிய மண் வழியாகவும், விளையாடும் குழந்தையின் கைவிரல் வழியாகவும் உடலுக்குள் போகும். எனவே மண் பரிசோதனை செய்யாமல் அங்கே விதை ஊன்றக் கூடாது. பெரும்பாலும் பலகை அடித்து உயர்த்திய பாத்தியில் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கொட்டித்தான் பயிர் செய்கிறார்கள். வெஸ்ட் ஓக்லாந்தின் தென்கோடியில் சவுத் பிரெஸ்காட் என்ற பகுதியில், 2011 வாக்கில், அரசின் சுற்றுச்சூழல் முகமை மீன் எலும்பைத் தூளாக்கி வீட்டு மனைகளின் மண்ணில் கலந்தது. எலும்பிலுள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து, உடல் எளிதில் உறிஞ்ச முடியாத கனிமமாக மாறிவிடும். மண்ணை லாரி லாரியாக வாரிக் கொட்டுவதைவிட இது செலவு குறைந்த வழி. தங்கள் கொல்லையில் வைத்த தக்காளியைச் சாப்பிடுவதற்கே இத்தனை வேதியியல் தேவைப்பட்ட மக்களிடம், உங்களுக்கு நல்லதைத் தின்னத் தெரியவில்லை என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு.

கேள்வி: ஒரு நல்ல சூப்பர் மார்க்கெட்டைத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இதற்கு ஏன் போராட்டம்? (வங்கி அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: பல ஆண்டுகள் அமெரிக்க அரசும் அப்படித்தான் நினைத்தது. கடையில்லாத பகுதிகளுக்கு உணவுப் பாலைவனம் என்று பெயரிட்டு, வரைபடம் வரைந்து, கடை திறப்பவர்களுக்கு நிதியுதவி செய்தது. 2019-இல் பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. பணக்காரர் பகுதியில் கிடைக்கும் அதே பண்டங்களை, அதே விலையில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கச் செய்தாலும், இரு தரப்பாரின் உணவுத் தரத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஏழைகளுக்குச் சோடாதான் பிடிக்கும், விட்டுவிடுங்கள் என்று இதைச் சிலர் படித்தார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் தாய்க்குக் கீரை ஆய நேரமில்லை. பிள்ளை சாப்பிடாமல் ஒதுக்கினால், ஒதுக்கிய உணவுக்கு மாற்று வாங்கப் பணமில்லை, ஆகவே அவள் சோதனை செய்து பார்க்கத் துணிவதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே வகைப் பண்டத்தைத் தின்று பழகிய நாக்கு ஒரு கடைத் திறப்பு விழாவில் மாறிவிடாது. பழக்கமும் வறுமையும் விளைவித்ததைச் சுவை என்ற தலைப்பில் எழுதிவிடுவது கணக்குக்கு வசதி, அவ்வளவே.

வெஸ்ட் ஓக்லாந்திலேயே இரு கடைகளின் கதை இருக்கிறது. பிராம் அகமதி என்பவரும் நண்பர்களும் 2002-இல் பீப்பிள்ஸ் குரோசரி என்ற அமைப்பைத் தொடங்கி, லாரி ஒன்றில் காய்கறி ஏற்றித் தெருத்தெருவாக விற்றார்கள். லாரியில் விற்பதோடு நின்றுவிடக் கூடாது என்று கருதிய அகமதி, பொதுமக்களிடமே பங்கு விற்று முதல் திரட்டி, 2019-இல் கம்யூனிட்டி ஃபுட்ஸ் மார்க்கெட் என்ற முழு அளவுக் கடையைத் திறந்தார். எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. இடையில் பெருந்தொற்றும் வந்தது. 2022-இல் கடை மூடப்பட்டது. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இலாபம் தங்கும் மளிகைத் தொழிலில், நல்ல நோக்கம் வாடகை கட்டாது.

மற்றொன்று, ரயில் நிலையத்துக்கு எதிரே 2009-இல் தொழிலாளர்களே உரிமையாளர்களாகத் தொடங்கிய மண்டேலா கூட்டுறவு மளிகைக் கடை. அது சிறியது, சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் சரக்கு எடுத்தது. அதைத் தொடங்க உதவிய அமைப்பு, அந்தப் பகுதி இளைஞர்களைக் கொண்டு தெருமுனைக் கடைகளுக்கும் காய்கறி கொண்டுசேர்த்தது. ஒரு பெட்டி முழுவதும் வாங்க முடியாத கடைக்காரருக்கு வேண்டிய அளவு பிரித்துக் கொடுத்தது. பெரிய கடையைவிட இந்தச் சில்லறை ஏற்பாடே அந்தப் பகுதியின் தேவைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

கேள்வி: அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவு அட்டை உண்டே. அதில் காய்கறி வாங்கலாமே? (வாசகர், விருதுநகர்)

பதில்: வாங்கலாம். அது நம் குடும்ப அட்டைபோல் அரிசி, பருப்பு என்று அளந்து கொடுப்பதன்று. மாதந்தோறும் பணம் ஏற்றப்படும் அட்டை. கலிபோர்னியாவில் அதற்கு கால்ஃபிரெஷ் என்று பெயர். உழவர் சந்தையில் அந்த அட்டையால் 10 டாலர் செலவிட்டால், காய்கறிக்கும் பழத்துக்கும் மட்டும் இன்னொரு 10 டாலர் வரை கூடுதலாகக் கொடுக்கும் மார்க்கெட் மேட்ச் என்ற திட்டம் 2009 முதல் நடக்கிறது. சந்தைக்குச் சந்தை உச்சவரம்பு மாறும். வினோதமான விதி ஒன்றும் உண்டு. கடையில் சுட்ட கோழியைச் சூடாக இருக்கும்போது அந்த அட்டையால் பொதுவாக வாங்க முடியாது. அதே கோழி ஆறிக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டால் வாங்கலாம். அடுப்பில்லாத அறையில் தங்கியிருப்பவருக்கு இந்த விதியை எழுதியவர் என்ன பதில் சொல்வார் என்று தெரியவில்லை.

கேள்வி: இளைஞர்கள் கவிதை பாடிச் சர்க்கரைப் பானத்துக்கு வரி போடவைத்தார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேலி செய்கிறாரா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார், கேலி இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் யூத் ஸ்பீக்ஸ் என்ற இளங்கவிஞர் அமைப்பும், அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவர்களும் சேர்ந்து 2011-இல் தி பிக்கர் பிக்சர் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அரசுப் பொது மருத்துவமனையில் ஏழை நோயாளிகளைப் பார்த்துவந்த டீன் ஷில்லிங்கர் என்ற மருத்துவர் அதில் முன்னின்றார். முதியோர் நோய் என்று கருதப்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு, அந்த வட்டாரத்து இளம் பிள்ளைகளிடமே தென்படத் தொடங்கியிருந்த காலம். தங்கள் வீட்டில் கால் எடுக்கப்பட்ட பாட்டியைப் பற்றியும், பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் விளம்பரமாகத் தொங்கும் பானத்தைப் பற்றியும் இளைஞர்கள் மேடையிலும் காணொளியிலும் பாடினார்கள். நோய்க்குக் காரணம் நோயாளியின் நாக்கு மட்டும்தானா என்ற கேள்வியை, மருத்துவர்கள் எழுதிய துண்டறிக்கைகளைவிட அவர்கள் கூர்மையாகக் கேட்டார்கள்.

பக்கத்து நகரமான பெர்க்லி 2014-இல் வாக்கெடுப்பின் மூலம் சர்க்கரைப் பானங்களுக்கு அவுன்சுக்கு (ஏறத்தாழ 30 மில்லி லிட்டர்) ஒரு சென்ட் வரி விதித்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். ஓக்லாந்து 2016-இல் அதே வரியை ஏற்றது. 12 அவுன்சு டப்பா ஒன்றுக்கு 12 சென்ட்; அந்த டப்பாவில் இருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 39 கிராம். பான நிறுவனங்கள் இதை மளிகை வரி என்று பெயர் சூட்டி, ஏழை வீட்டு அரிசிக்கும் பாலுக்கும் விலை ஏறும் என்பது போல விளம்பரம் செய்தன. ஆயினும் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்தார்கள். வரி வந்தபின் ஓக்லாந்தில் அந்தப் பானங்களின் விற்பனை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வரி ஏழைகள் மேல்தான் அதிகம் விழுகிறது என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வரிப்பணம் அதே தெருக்களுக்குத் திரும்பி வருகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. எந்த உள்ளூர் வரியையும் உயர்த்துவதை மிகக் கடினமாக்கும் ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவருவோம் என்று மாநில அரசை நெருக்கி, 2030 முடியும் வரை கலிபோர்னியாவின் வேறெந்த ஊரும் புதிதாக இப்படி வரி போடக் கூடாது என்ற சட்டத்தை 2018-இல் பெற்றுவிட்டன.

கேள்வி: நாங்கள் சில மாணவியர் சேர்ந்து எங்கள் பகுதியில் இதுபோல ஏதாவது செய்ய நினைக்கிறோம். ஓக்லாந்திலிருந்து எங்களுக்கு என்ன பயன்படும்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: தாங்கள் வாழும் பகுதியைத் தாங்கள்தான் அறிவீர்கள், ஊர் விட்டு ஊர் அப்படியே பெயர்த்து நடக்கூடியது அதிகமில்லை. ஒன்றைச் சொல்லலாம். சுவரொட்டியும் விழிப்புணர்வுப் பேரணியும் எளிது. அவற்றை யாரும் எதிர்ப்பதில்லை என்பதே அவற்றின் குறை. ஒரு தெருவின் கடைகளில் என்ன கிடைக்கிறது, என்ன விலை, காய்கறி எந்த நாளில் வந்து எந்த நாளில் வாடுகிறது, கடைக்காரருக்கு எங்கே நட்டம் என்று சில வாரம் குறிப்பெடுங்கள். கடைக்காரரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், வெஸ்ட் ஓக்லாந்தில் நிலைத்தவை அவரையும் சேர்த்துக்கொண்ட முயற்சிகளே. பள்ளியில் எது பரிமாறப்படுகிறது, பிள்ளைகள் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வேலை அங்கேயே இருக்கக்கூடும்.

கேள்வி: அந்தக் காலை உணவை இப்போது யார் கொடுக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்)

பதில்: பள்ளிகள் கொடுக்கின்றன. 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிபோர்னியாவின் பொதுப் பள்ளிகளில் படிக்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் யார் கேட்டாலும், பெற்றோரின் வருமானத்தை விசாரிக்காமல், காலை உணவும் மதிய உணவும் இலவசம். அதற்கு முன் வருமானச் சான்றுக்கான படிவத்தை நிரப்ப வெட்கப்பட்டே சாப்பிடாமல் இருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் படிவம் போனது, கிடைத்த உணவைப் போலவே பெரிய விஷயம். கோடை விடுமுறைக்கு, தகுதியுள்ள குழந்தை ஒவ்வொன்றுக்கும் 120 டாலர் ஏற்றிய அட்டை 2024 முதல் வழங்கப்படுகிறது.

தட்டில் என்ன வைப்பது என்ற சச்சரவு மட்டும் இன்னும் ஓயவில்லை. ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவுகளில் தீங்கானவற்றை அடையாளம் கண்டு, அவற்றைப் பள்ளி உணவிலிருந்து 2035-க்குள் படிப்படியாக நீக்க வேண்டும் என்ற சட்டத்தில் ஆளுநர் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். எவற்றை அந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதை மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை முடிவு செய்ய வேண்டும். பான வரியில் நடந்ததைப் பார்த்தால், அந்தப் பட்டியல் எழுதப்படும் அறைக்கு வெளியே நிறுவனங்கள் வரிசையில் நிற்கும் என்பதில் ஐயமில்லை.

(அடுத்த இதழுக்கான கேள்விகளை அஞ்சலட்டையிலும் அனுப்பலாம்.)